கதவைக் காட்டாமல் கதவு திறப்பது

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் சஸ்பென்ஸ் குறும்படம் எடுப்பவர்கள் தூண்களையும் நிலைக்கதவுகளையும் அழகாகப் படம்பிடித்துவிடுகிறார்கள். ஒலிக்கு வந்ததும் எல்லா அறைக்கும் ஒரே ரிவெர்பைப் (கணினியில் சேர்க்கும் எதிர்முழக்கம்) போட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டின் பெரிய பலமே அங்கு வீணாகிறது.

ஒலி நின்ற பின்னும் அறைக்குள் தங்கும் எதிர்முழக்கம் 60 டெசிபல் குறைய எவ்வளவு நேரமாகும் என்பதற்கு சபைன் சூத்திரம் இருக்கிறது: 0.161 × கன அளவு ÷ உறிஞ்சும் பரப்பு. 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள வெறுங்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 360 கன மீட்டர், மொத்தப் பரப்பு 324 சதுர மீட்டர். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் ஒலியை அதிகம் உறிஞ்சாது. சராசரி 5 சதவீதம் என்று வைத்தால் உறிஞ்சும் பரப்பு 16.2 சதுர மீட்டர், எதிர்முழக்கம் சுமார் 3.6 விநாடி. வளவுப் பக்கம், அதாவது நடுமுற்றத்துப் பக்கம், 10 சதுர மீட்டர் திறந்துவிட்டால், அவ்வழியே போன ஒலி பெரும்பாலும் திரும்பாது, நேரம் 2.3 விநாடிக்கு இறங்கிவிடும். யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள் என்று காதுக்கு மட்டும் சொல்ல இது போதும்.

முதலில் மூடிய கூடத்தைப் பழக்க வேண்டும். தாழ்ப்பாள் விழுவது, செம்பைத் தரையில் வைப்பது என இரண்டு மூன்று தனி ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு 4 விநாடி வெறுமை. பின்னணி இசை ஓடினால் எதிர்முழக்கத்தின் வால் அதில் அமுங்கிவிடும். பிறகு கூடத்தில் தனியாக இருக்கும் கதாநாயகி “யாரு?” என்று கேட்கும்போது எதிர்முழக்கத்தை 2.3 விநாடிக்கு மாற்றி, வளவிலிருந்து வரும் பூச்சிச் சத்தத்தை 3 டெசிபல் ஏற்றுங்கள்.

இரண்டு நிலையையும் அந்தக் கூடத்திலேயே பதியலாம். கதவை மூடி ஒரு பலூன், திறந்து ஒரு பலூன் உடைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்து, கன்வல்யூஷன் ரிவெர்பில் (பதிந்த அறையின் எதிர்முழக்கத்தை வேறு ஒலிகளுக்குப் போடும் மென்பொருள்) ஏற்றுங்கள். உச்சம் −6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைக்க வேண்டும். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது அதை மறுபடி போட மறக்க மாட்டீர்கள்.

கதவின் கிறீச்சொலியை மட்டும் மிக அருகில், 30 சென்டிமீட்டரில் பதியுங்கள். குடுமி (கதவு சுழலும் முனை) குழியில் ஒட்டும், விசை கூடியதும் வழுக்கும், மறுபடி ஒட்டும். விநாடிக்கு இது எத்தனை முறை நடக்கிறதோ அதைப் பொறுத்தே சுருதி. மெதுவாகத் தள்ளத் தள்ளச் சுருதி இறங்கும். விநாடிக்கு 20-க்குக் கீழே போனால் ‘டொக்… டொக்’ என்று தனித்தனியாகப் பிரியும். அடிவயிற்றைக் கலக்குவது அந்தக் கட்டம்தான். வேகமாகத் திறந்து பதிந்துவிட்டுக் கணினியில் நீட்டாதீர்கள். கூடவே அறையின் எதிர்முழக்கமும் நீண்டு, காதுக்குப் பொய் தெரிந்துவிடும்.

கடைசியில் போனில் கேட்டுப் பாருங்கள். படத்தில் 80 ஹெர்ட்ஸ் உறுமல் வைத்திருந்தால், அது போன் ஸ்பீக்கரில் அநேகமாக வராது. 240, 320, 400 ஹெர்ட்ஸ் மடங்குகளை மெல்லச் சேர்த்தால் மூளை அடிச்சுருதியைத் தானே ஊகித்துக்கொள்ளும். 3.6-க்கும் 2.3-க்கும் உள்ள வித்தியாசம் நடு அலைவெண்களிலும் இருப்பதால் போனிலும் பிழைத்துவிடும். ஃபேன் ஓடும் அறையில் அது கேட்கவில்லையென்றால் ரிவெர்பை 2 டெசிபல் கூட்டுங்கள்.