குடிலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கோட்டாறு, குளச்சல், மார்த்தாண்டம் என்று குமரி மாவட்டம் முழுக்க, இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளோடு காட்டும் கிறிஸ்துமஸ் குடில் வேலைதான். பெரியவர்கள் கட்டுவார்கள், பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இயேசு பிறந்த கதையைச் சொல்லச் சொன்னால் "குட்டி இயேசு, மாடு, ஸ்டார்" என்பதோடு முடித்துவிடுவார்கள். போட்டிக்குக் கட்டும் பெரிய குடில் அதன்பாட்டில் இருக்கட்டும். மறைக்கல்வி வகுப்பிலோ வீட்டுத் திண்ணையிலோ, பிள்ளைகள் தாங்களே செய்யும் சின்னக் குடில் ஒன்று வேண்டும். அதை ஒரே நாளில் கட்டி முடித்துவிடவும் கூடாது.

பொம்மைகளை நவம்பர் கடைசி வாரமே தொடங்குங்கள். கல்லும் வேரும் நீக்கிய குளத்துக் களிமண் மூன்று பங்கு, சலித்த ஆற்றுமணல் ஒரு பங்கு. கடல்மணல் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் பூத்துவிடும். பொம்மை ஒரு விரல் நீளம் போதும். கழுத்து நிற்க வேண்டுமென்று பிள்ளைகள் உள்ளே ஈர்க்குச்சி செருகுவார்கள். காயும்போது மண் சுருங்கும், குச்சி சுருங்காது. மறுநாள் கழுத்து வெடித்திருக்கும். ஒட்டும் இடம் இரண்டையும் குச்சியால் கீறி, குழைத்த மண்கூழ் தடவி அழுத்தினால் தலை நிற்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் நான்கைந்து நாள் காய விடுங்கள். உப்பும் மைதாவும் பிசைந்து செய்யும் பொம்மை நம் ஊர் மழைக்கு ஆகாது. உப்பு ஈரத்தை இழுத்து, பொம்மை கொழகொழவென்று ஆகிவிடும்.

டிசம்பர் 1-ஆம் தேதி ஓலை வேய்ந்த தொழுவமும், தீவனத் தொட்டியாக ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டையும் மட்டும் இருக்கட்டும். பழைய வேதாகமத்தில் வரும் 'முன்னணை' இந்தத் தொட்டிதான் என்று சிரட்டையைத் தொட்டுக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். மரியாளும் யோசேப்பும் அறையின் மறுகோடியில் இருந்து தினமும் ஒரு சாண் நகர வேண்டும். நாசரேத்திலிருந்து பெத்லகேம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்பும் தூரம் என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பொம்மை என்று கொடுத்து, அந்த ஆளாகவே கதையைச் சொல்ல விடுங்கள். நடுவில் திருத்த வேண்டாம், கேள்வி கேளுங்கள். "ஆட்டை யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்றால் இடையனாக இருக்கும் பிள்ளை யோசிக்கத்தான் வேண்டும். இடையர்கள் ராத்திரி வேலைக்காரர்கள். விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் வெட்டப் போகிறவர்களையும், இரவில் கடலுக்குப் போகிறவர்களையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

குழந்தை இயேசுவை 24-ஆம் தேதி இரவுதான் சிரட்டையில் வைக்க வேண்டும். அதுவரை அது காலியாகவே கிடக்கட்டும். அந்தக் காத்திருப்பும் கதைதான்.

விண்மீனைப் பார்த்துக் குழந்தையைத் தேடி வந்த ஞானிகளை இடையர்களோடு சேர்த்து நிறுத்திவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. இடையர் கதை லூக்காவில், ஞானிகள் கதை மத்தேயுவில். ஞானிகள் வந்தது 'வீட்டுக்கு' என்கிறார் மத்தேயு. எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. எனவே அவர்கள் அடுத்த அறையில் இருந்து புறப்பட்டு அவர்கள் வருகையைக் கொண்டாடும் ஜனவரி 6-இல் வந்து சேரட்டும். அவர்கள் காணிக்கையில் சாம்பிராணியும் உண்டு, அன்றைக்குக் கொஞ்சம் புகையுங்கள். மாடும் கழுதையும் இரண்டு நற்செய்தியிலும் இல்லை. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித்தான் குடில் அமைத்தார். பிள்ளைகள் கேட்டால் இதையும் சொல்லலாம்.

குடிலின் வயலுக்குக் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, தட்டில் ஒரு அங்குலம் பரப்பிய தென்னைநார்த் தூளில் டிசம்பர் 14 வாக்கில் தூவுங்கள். நெருக்கமாகத் தூவினாலும் தண்ணீர் தேங்கினாலும் பூஞ்சை பிடிக்கும். முளைத்ததும் ஜன்னலோரம் வையுங்கள், இல்லாவிட்டால் வெளுத்துவிடும்.

மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். சீரியல் பல்பு வயர் வைக்கோலில் படக்கூடாது. பிளக்கைப் பெரியவர்கள்தான் போட வேண்டும்.

ஜனவரி 6 கழிந்ததும் கேழ்வரகுப் பயிரைப் பிள்ளைகளே ஆட்டுக்குக் கொடுக்கட்டும். சுடாத மண் பொம்மைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் இரண்டு நாளில் கரைந்துவிடும். அந்த மண்ணைச் சாக்கில் கட்டி வைத்தால் அடுத்த நவம்பருக்கு ஆகும்.