பூட்டிய பெட்டிக்குள் ஈரம் எப்படிப் புகுகிறது?

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆன்டெனா கட்ட இடமில்லாத ஹாம் வானொலி ஆர்வலர்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசித் தொடர்புகொள்பவர்கள்), ஊருக்கு வெளியே நிலையத்தை அமைத்து இணையம் வழியாக இயக்குகிறார்கள். அங்கே மின் இரைச்சல் குறைவு, வானொலிக்கு அது பெரிய வரம். ஆனால் கருவி சூடேறினால் தொட்டுப் பார்க்க ஆள் கிடையாது. சென்னையை ஒட்டிய கடற்கரை என்றால் வெயிலும் ஈரமும் சேர்ந்தே தாக்கும்.

தண்ணீர் புகாத பெட்டியில் எல்லாவற்றையும் வைத்து இறுக்கி மூடுவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. ஐபி65 முத்திரை தூசிக்கும் பீய்ச்சியடிக்கும் நீருக்கும்தான் உத்தரவாதம். நீராவியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நண்பகலில் பெட்டிக்குள் காற்று 50 டிகிரிக்குச் சூடாகி விரிந்து, ரப்பர் விளிம்பு வழியே கொஞ்சம் வெளியேறுகிறது. மாலையில் மழை கொட்டி 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளழுத்தம் ஏறத்தாழ 8 சதவீதம் வரை குறையலாம். 80 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்துக்கு அது சமம்! கேபிள் நுழையும் துளையில் தேங்கிய மழைநீரை உள்ளே இழுக்க அது தாராளமாகப் போதும். வந்த ஈரம் எளிதில் வெளியேறாது. அதனால் பெட்டியின் அடியில், நீர்த்துளியைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சவ்வு வைத்த மூச்சுத்துளை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இரவில் கைகொடுப்பது சிறு சூடு. 27 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி குறையாமலே ஈரப்பதம் சுமார் 67 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அளவான பெட்டிக்கு 10, 15 வாட் ஹீட்டரே போதும். ஏசி அறையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மின்வெட்டில் ஏசி நின்றதும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதமுள்ள வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீது பட்டாலும் நீராகப் படியும். கருவியோ 22 டிகிரியில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும், தொலைவில் இருப்பவர் நனைந்த சர்க்யூட் போர்டுக்குத்தான் ஸ்விட்சைப் போடுகிறார். ஈரப்பத உணரி அனுமதித்த பிறகே கருவிக்கு மின்சாரம் போகும்படி ரிலே என்ற தானியங்கி ஸ்விட்சை அமைப்பது நல்லது.

கடற்காற்றை மின்விசிறியால் கருவிக்குள் ஊதுவதும் தவறு. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். போர்டில் படியும் உப்பு அநேகமாகக் காய்வதே இல்லை. விசிறி உள்காற்றையே சுழற்றட்டும். சூட்டைப் பெட்டியின் உலோகச் சுவர் வெளியே கடத்தட்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது? 100 வாட் ஒலிபரப்பும் கருவி 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். அதில் ஏறத்தாழ 170 வாட் வெப்பமாகிவிடும், அதுவும் ஒலிபரப்பும்போது மட்டும். நீளமும் அகலமும் 60 சென்டிமீட்டர் உள்ள பெட்டியின் மேற்பரப்பில் உச்சிவெயில் கொட்டுவதோ 360 வாட் வரை. ஆகவே விசிறி வாங்குவதற்கு முன், பெட்டிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு நிழலுக்கு இன்னொரு தகடு போடுங்கள். கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில் 15 விநாடிச் சுற்றில் 13 விநாடி வரை முழுத் திறனும் ஓடும். பேச்சைவிட அது கருவியை அதிகம் வாட்டும். அப்போது திறனை 30, 40 வாட்டாகக் குறைக்கலாம். மின்பகு மின்தேக்கிகள் 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இருமடங்கு காலம் உழைக்கும்.

கேபிளை மறக்கக் கூடாது. கனெக்டரில் புகுந்த நீர், பின்னல் கம்பி வழியே நுண்புழை விசையால் வெகுதூரம் ஊர்ந்துவிடும். இணைப்பின்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் எஸ்டபிள்யூஆர் அளவை, அதாவது ஆன்டெனாவுக்கு அனுப்பும் திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவைக் குறித்துவையுங்கள். அது மாறிக்கொண்டே வந்தால் எங்கோ நீர் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் மட்டும் பெட்டிக்குள்ளேயே, இணையத்தை நம்பாமல் இயங்க வேண்டும்.