கொழும்பில் வாடகைக்கு இருக்கிறீர்களா? எம்.ஓ.எச். அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்

கொழும்பு நகர எல்லைக்குள் பொதுச் சுகாதாரம் மாநகர சபையின் பொறுப்பு. அதற்கென்றே சபையில் பொதுச் சுகாதாரத் திணைக்களம் இருக்கிறது. நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியிடம், அதாவது எம்.ஓ.எச்.இடம், ஒப்படைத்திருக்கிறார்கள். அவரின் கீழ் வீடு வீடாக வருகிறவர்கள் இரண்டு பேர்: தாய், சேய் நலனைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரும், தொற்றுநோய், உணவு, சுற்றாடலைப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் (பி.எச்.ஐ.). இந்த முறை இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கியது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அனெக்ஸ், தொடர்மாடி என்று வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்கள் பல இந்த இருவரையும் அறியாமலே இருக்கின்றன. அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி அல்லது ஹட்டன் முகவரி இருக்கும். வருத்தம் வந்தால் தனியார் வைத்தியசாலைக்குப் போய்விடுவோம். ஆனால் ஒரு பகுதியில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை குழந்தைகள், எந்த ஒழுங்கையில் எத்தனை டெங்கு நோயாளர் என்ற கணக்கை வைத்துத்தான் எங்கே முதலில் கவனிப்பது என்று திணைக்களம் தீர்மானிக்கிறது. பதியாத குடும்பம் அந்தக் கணக்கில் வராது.

பதிவதற்குக் கொழும்பு வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. இப்போது எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த இடம்தான் முக்கியம். கர்ப்பம் என்று தெரிந்ததும், முடிந்தால் 8 வாரத்துக்குள், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிடுங்கள். மாதாமாதம் தனியார் வைத்தியரிடம் காட்டினாலும் பதியலாம். கிளினிக், கர்ப்பிணிப் பதிவேடு, திரிபோஷ சத்துமா எல்லாமே இலவசம். பிள்ளை பிறந்த பிறகு முதல் 10 நாளுக்குள் உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு ஊருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் இங்கேயும் சொல்லிவிட்டு, அங்கேயும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாட்களில் இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் வரமாட்டார்கள்.

பிள்ளைக்குக் கிடைக்கும் சுகாதார விருத்திப் பதிவேட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசி, 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி என்று எல்லாம் அதில் திகதியோடு ஏறும். பாடசாலையில் சேர்க்கும்போது இதைக் கேட்பார்கள்.

அப்புறம், 35 வயதைத் தாண்டிய பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் அங்கே பார்ப்பார்கள். நம் அம்மாமாரும் அக்காமாரும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று தள்ளிப்போடும் பரிசோதனைகள் இவை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி டெங்கு. கொழும்பின் சுகாதாரத் திட்டத்தில் இதற்குத்தான் எப்போதும் பெரிய இடம். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டபோது கொழும்பும் மிக மோசமாக அடிபட்டது. டெங்கு என்று சந்தேகம் வந்தால் வைத்தியர், அரசோ தனியாரோ, நோயாளி இருக்கும் இடத்துக்குரிய எம்.ஓ.எச்.க்கு அறிவிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பி.எச்.ஐ. அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வருவார்.

இங்கேதான் பெரிய சிக்கல். வார்டில் சேர்க்கும்போது முகவரி கேட்டால் நாம் அடையாள அட்டையை நீட்டுகிறோம். அறிவித்தல் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. அங்கே ஒரு பி.எச்.ஐ. நல்லூரில் வீடு தேடுகிறார். நோயைக் கொடுத்த நுளம்போ வெள்ளவத்தையில் உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கிறது. முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்த நுளம்பு பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியேதான் பறக்கும். ஆகவே வைத்தியசாலையில் தற்போதைய முகவரியை, தொடர்மாடி என்றால் மாடி, வீட்டு இலக்கத்தோடு, சொல்லி எழுதுவியுங்கள்.

பி.எச்.ஐ. வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ஏசித் தண்ணீர் வடியும் வாளி, பூச்சாடித் தட்டு, மொட்டைமாடித் தாங்கியின் மூடி, பீலியில் தேங்கிய சருகு: அவர் பார்க்கும் இடங்கள் இவைதான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் கொடுத்தால் வழக்குப் போடலாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில், நான் வாடகைக்கு இருப்பவன் என்ற பதில் எடுபடாது, குடியிருப்பவருக்கும் பொறுப்பு உண்டு.

கடைச் சாப்பாட்டில் பழுது கண்டாலும் முறையிட வேண்டியது பி.எச்.ஐ.யிடம்தான். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்கு மாதிரி எடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. பில்லையும் மிச்ச உணவையும் எறிந்துவிடாதீர்கள்.

மொழிக்குத் தயங்கி அலுவலகத்துக்குப் போகாமல் விடுகிறவர்களும் உண்டு. தமிழில் பேசவும் எழுதிக் கொடுக்கவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடும்படி கேளுங்கள். உங்கள் பகுதியில் இந்த வருடம் எதற்கு முதலிடம், எவ்வளவு ஒதுக்கீடு என்று அறிய வேண்டுமானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும்.