விலாசம்: சொல் விளக்கம்

விலாசம் என்றால் இன்று பெரும்பாலோர்க்குக் கடித உறையில் எழுதும் முகவரிதான். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரிடையே அச்சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஒரு குடும்பத்தின் தந்தைவழி முன்னோர் பெயர்களைத் தலைமுறை வரிசையில் நிறுத்திக் காட்டும் முன்னெழுத்துத் தொடரே அவர்களுக்கு விலாசம். அழகு, ஆடல், பொலிவு எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த இச்சொல், வணிகத்துக்காகச் சென்ற ஊர்களில் கடையின் பெயராகவும் சொந்த ஊரில் வீட்டின் பெயராகவும் வழங்கிற்று.

தொடரின் எழுத்துகளை உற்றுப் பார்க்க வேண்டும். 'அ' என்று மட்டும் எழுதினால் அண்ணாமலையா, அருணாசலமா, அழகப்பனா என்று தெரியாது. ஆகவே அருணாசலம் 'அரு.' என்றும், பழனியப்பன் 'பழ.' என்றும், சிதம்பரம் 'சித.' என்றும் எழுதப்பட்டன. ஆங்கிலத்தில் எழுதியபோது 'சித.' என்பது 'Ct.' என்று இரண்டு எழுத்தாகி, மறுபடி தமிழில் 'சி.டி.' என்று ஒலித்தது. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியாரின் பெயருக்கு முன் நிற்கும் எம்.சி.டி.எம். அப்படி அமைந்ததே, அதன் கடைசி எழுத்து அவருடைய தந்தை முத்தையா.

இத்தனை எழுத்துகள் தேவைப்பட்டதற்குக் காரணம் பெயரிடும் மரபு. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், அடுத்தவனுக்குத் தாயின் தந்தை பெயரையும் வைப்பதால், ஓர் ஊரில் ஒரே பெயருடையவர் பலர் இருப்பர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய சா.ராம.மு. அண்ணாமலைச் செட்டியாரின் தந்தை முத்தையா; மகனும் முத்தையா. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயர் தாங்கிப் பிறந்த புதல்வனை நற்றிணையின் 40ஆம் பாடல் 'பெயரன்' என்றே குறிக்கிறது. மாமனாரின் பெயரைச் சொல்ல மருமகள் கூசுவாள் என்பதால், அந்தப் பையன் வீட்டில் தம்பி என்றோ ராசா என்றோதான் அழைக்கப்படுவான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேலைநாட்டுக் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் மாறாமல் நிற்பது. விலாசம் அவ்வாறன்று, அது வளர்வது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துத் தனித்தனியே கொடுக்கல் வாங்கல் தொடங்கும்போது தந்தையின் எழுத்தைச் சேர்த்துக்கொள்வர். அதுவரை ஒன்றாயிருந்த தொடர் அங்கே கிளைக்கும். அக்காலத்தில் பர்மா, மலாயா, இலங்கை எங்கும் உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டில் இடப்பட்ட விலாசத்தைக் கண்டதும் எந்த ஊர், எந்த வீடு என்பது தெரிந்துவிடும். கடனுக்கு அந்த எழுத்துகளே நாணயம்.

தலைப்பெழுத்து என்பது ஒற்றை எழுத்துக்குப் பொருந்தும். தொடர் முழுவதையும் தமிழில் சொல்ல 'தந்தைவழிப் பெயர்த்தொடர்' என்பதே என் கருத்தில் சரியானது. 'குடும்பப் பெயர்' பொருந்தாது. கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பப் பலர் தந்தை பெயரையே எழுதுகிறார்கள். அயல்நாட்டில் பிறக்கும் பிள்ளைகளும் அதையே தம் குடும்பப் பெயராக ஏற்கும்போது, பாட்டன் பெயர் அங்கேயே உறைந்துவிடுகிறது. அவர்களைப் பெற்ற தந்தையின் பெயர் அவர்கள் பெயரில் இடம்பெறாமல் போகிறது.