கொண்டை ஊசி வளைவில் டர்போ என்ன செய்கிறது?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிரிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் வாங்கி விற்பவர். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கியவர்களுக்கு அந்தச் சரக்கின் கனம் தெரியும். கொடைக்கானல் பக்கம் விடுதி கட்டுகிறவர்களிடமிருந்து இப்போது அவருக்கு ஆர்டர் வருகிறதாம். "ஐயா, டீசல் பிக்கப் ஒன்று வாங்கிப் பின்னால் டிரெய்லர் கோத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். குதிரைத்திறன் கூடிய வண்டியாக வாங்குவதா, சிறியதை வாங்கி, எஞ்சின் திறனைக் கூட்டும் சிப் போட்டுக்கொள்வதா? சிப் போட்ட வண்டியை நண்பர் ஓட்டக் கொடுத்தார். பறக்கிறது" என்கிறார்.

எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து காரைக்குடி வரை என்று பதில் வந்தது. செட்டிநாட்டுச் சாலைகள் தாம்பாளம் போலத் தட்டையானவை. அங்கே எந்த வண்டியும் பறக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வண்டியும் டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏற வேண்டும். புவியீர்ப்பையும் டயர் உராய்வையும் கூட்டிப் பெருக்கினால் ஏறத்தாழ 23 கிலோவாட் வருகிறது. வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் 35 குதிரைத்திறன். நம்பக் கடினமாக இருக்கலாம். ஆனால் நான்கு டன்னை மலையேற்ற இவ்வளவுதான் தேவை. சந்தையில் உள்ள பெரிய டீசல் பிக்கப்களில் இதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கிறது. அப்படியானால் மலையில் வண்டிகள் ஏன் திணறுகின்றன?

கொண்டை ஊசி வளைவுக்குள் போய்ப் பார்ப்போம். எதிரே பஸ் வருகிறது. வேகம் 15 கி.மீ. ஆகக் குறைகிறது, இரண்டாவது கியர். எஞ்சின் நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கு இறங்கிவிட்டது. வளைவின் உள்பக்கத்தில் ஏற்றம் இன்னும் செங்குத்து. நூற்றுக்குப் பத்து என்று கொள்ளலாம். இங்கிருந்து கிளம்ப எஞ்சின் தண்டு சுமார் 180 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது திருப்பும் பலம், தர வேண்டும். டர்போ உதவியில்லாத 2 லிட்டர் டீசல் எஞ்சினால் தர முடிவது 120 சொச்சம். அந்த 60 நியூட்டன் மீட்டர் பள்ளத்தில்தான் கிளட்ச் கருகுகிறது, எஞ்சின் அணைகிறது, டிரெய்லர் பின்னோக்கி இழுக்கிறது. விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறன் 3,500 சுற்றில் அளந்தது. வளைவில் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. மெக்கானிக்குகள் முறுக்குவிசையை 'இழுவை' என்கிறார்கள். பாடப்புத்தகச் சொல்லைவிடப் பொருத்தமான சொல் அது.

இழுவை எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். கரும்புகை இல்லாமல் எரிய அதற்கும் மேலே தாராளமாக வேண்டும். டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், காற்றைத்தான் உள்ளே திணிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு வெளியே போகும் புகையையே பிடித்துப் பயன்படுத்தலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஹி. அதுதான் டர்போ. ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்றுகிறது, மற்றது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் அந்தத் தண்டை எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் தாங்கி நிற்கிறது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை.

இனி வருவதுதான் என் மனதைக் கவர்ந்த பகுதி. 2 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழு மூச்சு வாங்குகிறது. 1,100 சுற்றில் நிமிடத்துக்கு 1,100 லிட்டர் காற்று. 3,500 சுற்றில், டர்போ இரண்டு மடங்கு அழுத்தித் தரும்போது, 7,000 லிட்டர். இளங்காற்றுக்கும் புயலுக்கும் ஒரே காற்றாடி ஈடுகொடுக்க வேண்டும். புயலுக்கு ஏற்பப் பெரிதாகச் செய்தால் இளங்காற்றில் அசையாது, வளைவில் நீங்கள் தவிப்பீர்கள். இளங்காற்றுக்கு ஏற்பச் சிறிதாகச் செய்தால் புயலில் மூச்சடைக்கும்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் ஒரு நண்பகல் நேரம் உட்கார்ந்திருந்தேன். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் ஊடுருவிப் பின்தெருவே தெரியும். அவ்வளவு நேர்கோட்டில் வாசல்கள். காற்று இருப்பதே தெரியாத புழுக்கம். அந்த வீட்டு ஆச்சி எழுந்துபோய் நடுக்கதவை ஒருக்களித்து, ஒரு சாண் இடைவெளி மட்டும் விட்டார். அந்தச் சந்தில் சில்லென்று காற்று வந்தது, தரையில் கிடந்த காகிதம் நகர்ந்தது. வீட்டுக்குள் வரும் காற்று கூடவில்லை. வழி குறுகியதால் அந்த இடத்தில் வேகம் கூடியது.

இன்றைய டீசல் பிக்கப்களில் பலவற்றின் டர்போவுக்குள் ஆச்சியின் கதவுதான் இருக்கிறது. புகைச் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சிறு உலோக இதழ்கள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது எல்லா இதழ்களும் ஒன்றாகச் சாய்ந்து இடைவெளியைக் குறுக்குகின்றன. கொஞ்சமே வரும் புகை அந்தச் சந்தில் வேகமெடுத்து, சக்கரத்தின் விளிம்பில் சரியான கோணத்தில் அறைகிறது. எஞ்சின் வேகம் ஏற ஏற இதழ்கள் விரிந்து வழிவிடுகின்றன. புகைக்குழாயின் நெருப்புச் சூட்டில், கணினி சொல்லச் சொல்ல, நொடிக்குள் இத்தனையும் நடக்கிறது. வளைவில் இல்லாத அந்த 60 நியூட்டன் மீட்டரைக் கொண்டுவந்து தருபவை இந்த இதழ்கள்.

காரைக்குடியில் ஒரு பட்டறையில் கழற்றி வைத்திருந்த டர்போ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நெம்புகோலை விரலால் தள்ளினால் இதழ்கள் எல்லாம் ஒருசேரத் திரும்ப வேண்டும். பாதியில் நின்றுவிட்டது. இடுக்கெல்லாம் கெட்டியான கரி. ஏற்றமே பாராமல், சுமையே இல்லாமல், உள்ளூரில் மெல்ல ஓடிய வண்டி அது. எப்போதும் ஒரே நிலையில் இருந்த இதழ்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டன. பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

இப்போது சிப்புக்கு வருகிறேன். மலிவான சிப் பெட்டிகளில் பல ஒரே தந்திரத்தைச் செய்கின்றன. டீசல் குழாயின் அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று எஞ்சின் கணினிக்குப் பொய் சொல்கின்றன. கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது, டீசல் அதிகமாகப் பாய்கிறது. தட்டைச் சாலையில் முந்திச் செல்லப் பத்து நொடி மிதிப்பீர்கள், பிறகு காலை எடுத்துவிடுவீர்கள். சூடு ஏறும் முன்பே தணிந்துவிடும். மலையிலோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மிதித்த கால் மிதித்தபடி. கூடுதல் டீசலுக்கு ஈடான காற்று வராவிட்டால் புகையின் சூடு ஏறிக்கொண்டே போகும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்தமான அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அடியிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் குளிர்விப்பதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. காற்று குறையும் இடத்தில் டீசலைக் கூட்டும் கருவியை நான் என் வண்டியில் பொருத்த மாட்டேன்.

தேர்ந்த கைகள், டீசலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, சூட்டை அளந்து பார்த்து, எஞ்சின் கணினியின் நிரலையே திருத்திச் செய்யும் ரீமேப் வேறு. அதிலும் கரிவடிகட்டியைக் கழற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள பாரத் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வந்த வண்டிகளில் அது நம் பிள்ளைகளின் நுரையீரலுக்காக வைத்த பொருள். பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. டீசல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கிறார்களே, அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காந்தத்தால் டீசல் நன்றாக எரிந்துவிடாது. உழைத்துச் சேர்த்த பணத்தை அறிவியல் வேடம் போட்டுப் பறிப்பதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது.

இதே ஊரில் அறிவியலுக்காகச் செல்வத்தை அள்ளிக் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் தந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. மின்கலங்களை ஆராயும் இடம் அது. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவையையும் தரும். இதழ்களும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். அதற்குத் தடையாக இருப்பது மின்கலத்தின் எடையும் விலையும்தான். அப்படிப்பட்ட ஆய்வுக்கு இன்றைய பணக்காரர்கள் எத்தனை பேர் நிலம் எழுதித் தருவார்கள்?

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். வண்டி வாங்கும்போது முறுக்குவிசை எவ்வளவு என்பதோடு எந்தச் சுற்றிலிருந்து அது கிடைக்கிறது என்று கேளுங்கள். டொயோட்டா ஹைலக்ஸின் மேனுவல் வகை 420 நியூட்டன் மீட்டரை 1,400 சுற்றிலிருந்தே தருகிறது. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 360 நியூட்டன் மீட்டரை 2,000 சுற்றிலிருந்து தருகிறது. வளைவில் 1,400க்கும் 2,000க்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. டிரெய்லர் இழுக்கும் அளவு கையேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். விற்பவர் வாய்ச்சொல் போதாது. தூண்களை அடுக்கும்போது டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை கொக்கியின்மேல் உட்காரட்டும். பின்பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்டும். அதைச் சிப்பாலும் நிறுத்த முடியாது. மலைச்சாலையில் டிரெய்லர்களுக்குக் கட்டுப்பாடு உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்திலும் இந்த இதழ்களுக்கு வேலை உண்டு. டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் கதவு பெயரளவுக்குத்தான், அதனால் காலை எடுத்தாலும் பெட்ரோல் வண்டி போலப் பிடித்து நிறுத்தாது. அமெரிக்க ராம் பிக்கப்பின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், இறங்கும்போது இதே இதழ்களை இறுக மூடிப் புகையைத் தேக்கி எஞ்சினையே பிரேக்காக்குகிறது. நம் வண்டிகளில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு நாள் சுமையோடு திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு ஓட்டிப் பாருங்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏதாவது ஒன்றில் இரண்டாவது கியரில் வண்டியை நன்றாக மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கிவிட்டு மிதியுங்கள். டர்போவின் மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்கும். மிதித்ததற்கும் அந்தச் சீழ்க்கைக்கும் இடையே மனதுக்குள் எண்ணுங்கள். ஒன்று, இரண்டுக்குள் முதுகை இருக்கை தள்ளினால் அந்த வண்டியை வாங்கலாம்.