ஏரித் தண்ணியில முழுகின மரப்படகு ஏன் மக்கிப் போறதில்ல?

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல நிப்பிசிங்னு ஒரு பெரிய ஏரி இருக்கு. 1893 நவம்பர்ல ஜான் பி. ஃப்ரேசர்ங்கிற நீராவிப் படகு மரம் வெட்டுற கேம்புக்கு ஆளுங்களை ஏத்திட்டுப் போறப்ப நடு ஏரியில தீப்பிடிச்சு முழுகிடுச்சு. நிறைய பேர் செத்துட்டாங்க, நவம்பர்ல அந்த ஊர்த் தண்ணியில குதிச்சா நீச்சல் தெரிஞ்சாலும் ரொம்ப நேரம் தாங்காது. கிட்டத்தட்ட எண்பது வருஷம் கழிச்சு, 1970கள்ல டைவர்ஸ் அதோட மிச்சத்தைக் கண்டுபிடிச்சாங்க. எரிஞ்ச மரப்படகுல மிச்சம்னு ஒண்ணு எப்படி இருக்கும்?

மரம் வெட்டுற தொழில்ல இருந்த டக்போட், அதாவது இழுவைப் படகு, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கதைதான். வெட்டின மரங்களை ஏரியில மிதக்க விட்டு, சுத்தி பெரிய கட்டைகளைச் சங்கிலியால கோத்து வளைச்சு, மொத்தத்தையும் மெதுவா இழுத்துட்டுப் போகணும். உடம்பு பூரா மரம், நடுவுல பாய்லர், புகைபோக்கியில பொறி பறக்கும், இதுல தீப்பிடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா தீ மேல்தட்டையும் கேபினையும்தான் தின்னும். தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கற பலகைக்கு வெளிப்பக்கம் ஏரித்தண்ணி சூட்டை இழுத்துட்டே இருக்கும், அதனால அது பத்திக்கிற சூட்டுக்குப் போறதே கஷ்டம். அப்புறம் தண்ணி உள்ள புகுந்து தீயும் அணைஞ்சு படகும் முழுகிடும். அதான் டைவர்ஸுக்குப் பெரும்பாலும் படகோட அடிப்பாகமும் பாய்லரும் கிடைக்குது.

சரி, முழுகினதுக்கு அப்புறம்? கடலா இருந்தா கப்பல் புழு விடாது. பேருதான் புழு, உண்மையில அது மட்டி வகை, மரத்தைத் துளைச்சு உள்ளயே குடியிருந்து தின்னும். அதுக்கு உப்புத்தண்ணி வேணும், நல்லதண்ணி ஏரியில பொழைக்காது. மரத்தை வேகமா மக்க வைக்கிற பூஞ்சைக்கோ காத்து வேணும், நல்லா ஊறிப்போன மரத்துக்குள்ள ஆக்சிஜன் ரொம்பக் கம்மி, சேத்துல புதைஞ்சுட்டா ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. இதோட குளிரும் சேருது. தண்ணி 4 டிகிரியிலதான் அதிக அடர்த்தி, அதனால சுப்பீரியர் மாதிரி ஆழமான ஏரியில அடித்தண்ணி வருஷம் பூரா அந்தச் சூட்டுக்கிட்டதான் நிக்கும்.

அதுக்காக மரம் புத்தம் புதுசா இருக்குன்னு நினைச்சுடாதீங்க. சில பாக்டீரியா ஆக்சிஜன் கொஞ்சமா இருந்தாலே போதும்னு மரத்துக்கு உறுதி குடுக்கற செல்லுலோஸ்ங்கிற நார்ப்பொருளை மெதுவா அரிச்சுட்டே இருக்கும். வெளிய பாக்க வடிவம் அப்படியே இருக்கும், உள்ள டீயில நனைச்ச ரஸ்க் கணக்கா தண்ணிதான் தாங்கிட்டு இருக்கும். வெளிய எடுத்துக் காய விட்டா சுருங்கி வெடிச்சுடும். ஸ்வீடன்ல 1628ல முழுகின வாசா கப்பலை 1961ல தூக்கினப்ப, பாலிஎத்திலீன் கிளைக்கால்ங்கிற கெமிக்கலை 17 வருஷம் ஸ்ப்ரே பண்ணித்தான் காப்பாத்தினாங்க. ஒரு சாதா டக்போட்டுக்கு யாரு அவ்ளோ செலவு பண்ணுவாங்க, அதான் பெரும்பாலும் கீழயே விட்டுடறாங்க.

கீழயும் இப்ப பழைய நிம்மதி இல்ல. 1980கள்ல கப்பலுங்க அடியில ரொப்பிட்டு வர்ற தண்ணியோட சீப்ரா மட்டியும் குவாகா மட்டியும் ஐரோப்பாப் பக்கத்துலேருந்து சுப்பீரியரும் சேர்ந்த வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்துடுச்சு. அதுங்க மரத்தைத் தின்னாது, ஆனா மேல அப்பிக்கிட்டு பாரம் ஏத்தும், அந்த அடுக்குக்கு அடியில வளர்ற பாக்டீரியா இரும்பு ஆணியை இன்னும் வேகமா அரிக்கும், ஆணி போயிட்டா பலகை எவ்ளோ நல்லா இருந்தும் புண்ணியமில்ல, ஒவ்வொண்ணா கழண்டு விழுந்துடும். சுப்பீரியர் ஏரி மட்டும் இதுல கொஞ்சம் தப்பிச்சிருக்கு, ஏன்னா அந்தத் தண்ணியில ஓடு கட்டத் தேவையான கால்சியம் கம்மி.