பாமாயிலுக்கு வரி, தேங்காய் எண்ணெய்க்கு விலை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்குள் போகும் தேங்காய் லோடுக்குச் சுங்க வரி கிடையாது. காங்கேயம் ஆலைகளின் எண்ணெய்க்கும் அப்படித்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வாளையாறு வணிகவரி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதும் ஒழிந்தது. ஆனால் இந்த எல்லையோரத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற கடைக்காரருக்கு எண்ணெய்ச் செலவு எவ்வளவு என்பது பாமாயில் கப்பல் வந்து நிற்கும் துறைமுகத்தில் முடிவாகிறது.

சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் நாம் இறக்குமதிதான் செய்கிறோம். 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயிலுக்கு (சுத்திகரிக்காதது), அதுவரை இல்லாத அடிப்படை வரி 20 சதவீதம் போட்டார்கள். வேளாண் கட்டமைப்பு செஸ் என்கிற தனி வரி 5 சதவீதம் ஏற்கெனவே இருந்தது. இந்த 25-இல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. ஆக 27.5. நூறு ரூபாய்ச் சரக்கு 127.50 ஆகிவிட்டது, ஜிஎஸ்டியும் அந்த 127.50 மேல்தான். வரிக்கே வரி!

சரி, வரி வெளிநாட்டு எண்ணெய்க்குத்தானே, உள்ளூர் எண்ணெய் ஏன் ஏறுகிறது? பாமாயில் ஏறினால் கொஞ்சம் பேர் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் மாறுவார்கள். கிராக்கி கூடும்போது உள்ளூர் ஆலைக்காரர் பழைய விலைக்கு விற்பாரா என்ன?

ஒரு கற்பனைக் கணக்கு. லிட்டர் 100 ரூபாயாக இருக்கையில் ஓர் ஊரில் 100 லிட்டர் விற்கிறது. அதில் 40 உள்ளூர், 60 இறக்குமதி. 20 ரூபாய் வரி போட்டதும் விலை 120. இப்போது விற்பது 90 லிட்டர்தான். உள்ளூர் 50, இறக்குமதி 40. வாங்குகிறவர்களுக்கு ஏறக்குறைய 1,900 ரூபாய் நஷ்டம்: 90 லிட்டருக்குக் கூடுதலாகக் கொடுத்த 1,800, வாங்காமல் விட்ட 10 லிட்டரால் சுமார் 100. அரசுக்குக் கிடைப்பது 800, உள்ளூர் உற்பத்தியாளருக்குக் கூடுதல் ஆட்டும் செலவு போக 900. மீதி 200 யார் கைக்கும் போவதில்லை. அதிகச் செலவில் கூடுதலாக ஆட்டியதிலும், விலைக்குப் பயந்து வாங்காமல் விட்டதிலும் கரைந்துபோகிறது. பில்லில் வரி என்று தெரியாத அந்த 900-தான் பலர் கண்ணுக்குத் தப்புவது.

இதற்காக எல்லாப் பழியையும் வரி மேல் போடக் கூடாது. 2025-இல் தேங்காய் எண்ணெய் எகிறியதற்குக் காய்ப்புக் குறைந்ததே பெரிய காரணம். அந்த ஆண்டு மே 30 அன்று கச்சா சமையல் எண்ணெய் வரியை மொத்தம் 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 அப்படியே நின்றது. இடைவெளி பெருகியதில் இங்கே சுத்திகரிக்கும் ஆலைகளுக்குக் கொண்டாட்டம்.

ரேஷன் பாமாயில் மட்டும் லிட்டர் 25 ரூபாய்க்கே கிடைக்கிறது. ஏறியதைச் சுமப்பது மாநில அரசு; வரியை வசூலிப்பதோ ஒன்றிய அரசு, அதிலும் செஸ்ஸையும் கூடுதல் வரியையும் மாநிலங்களோடு பங்கிடுவதில்லை. பொள்ளாச்சித் தென்னை விவசாயிகள் ரேஷனில் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லிக் கேட்டுவருகிறார்கள். அதுவும் இலவசமல்ல, ஆனால் அந்தச் செலவு சிப்ஸ் பாக்கெட்டில் ஒளியாமல் பட்ஜெட்டில் தனிக் கணக்காகத் தெரியும்.